சைக்கிள் டைனமோவும் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரும்: மின்காந்தத் தூண்டலைச் செய்து பார்த்துப் புரிந்துகொள்ளும் முறை

ஒரு கம்பிச் சுருளோடு பிணைந்துள்ள காந்தப் பாயம் (சுருளின் வழியே செல்லும் காந்தப் புலத்தின் மொத்த அளவு) மாறும்போது, அந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்ப அச்சுருளில் மின்னியக்கு விசை, அதாவது மின்னோட்டத்தைத் தள்ளும் மின்னழுத்தம், தோன்றுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பற்றிய பாடம் முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஆனால் இவ்வரியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் அசைகிற பாகம் எதுவுமே இல்லாதபோது அதில் மாறுவது எது என்றோ, நம் வீட்டில் புதிதாக ஒரு ஏ.சி. ஓடத் தொடங்கியது மின்நிலையத்துக்கு எப்படித் தெரிகிறது என்றோ கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. இரண்டாவது கேள்விதான் உண்மையில் கடினமானது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் புரிந்துகொண்டதாகக் கொள்ளலாம்.

அந்த விடையை நோக்கிச் செல்லும் நான்கு செய்முறைகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் மோட்டார் ரீவைண்டிங் கடையிலும், எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலும், பழைய சைக்கிள் கடையிலும் கிடைப்பவை. எந்தச் செய்முறையிலும் வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டியதில்லை, தொடவும் கூடாது. ஏன் கூடாது என்பதைக் கணக்கோடு பின்னர் விளக்குகிறேன், ஏனெனில் அந்தக் கணக்கே பாடத்தின் ஒரு பகுதி.

முதல் செய்முறை: சுருளுக்குள் விழும் காந்தம்

வயரிங் வேலைக்குப் பயன்படும் 20 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளவும். அதன் கீழ் முனையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், 25 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்குமாறு 34 கேஜ் எனாமல் செம்புக் கம்பியை 800 சுற்றுகள் சுற்ற வேண்டும். சுருள் சரியாமல் இருக்க இரு பக்கமும் அட்டை வளையம் ஒட்டிக்கொள்வது நல்லது. ஏறத்தாழ 60 மீட்டர் கம்பி செலவாகும். 50 கிராம் வாங்கினால் போதும், பாதிக்கு மேல் மிஞ்சும். எல்லாச் சுற்றுகளையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பது முக்கியம். பாதி வேலையில் எழுந்து போய், திரும்பி வந்து எதிர்த்திசையில் சுற்றினால், அந்தச் சுற்றுகள் முந்தைய சுற்றுகளின் மின்னழுத்தத்தைக் கழித்துவிடும்.

சுற்றி முடித்ததும் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாள் கொண்டு செம்பு பளபளக்கும்வரை தேய்த்து எடுக்கவும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் வேலை செய்யாத சுருள்களில் பெரும்பாலானவற்றின் குறை இங்கேதான் இருக்கும். எனாமல் நிறமற்றதாகவோ செம்பின் நிறத்திலோ இருப்பதால், அது போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து பார்த்தால் 20 முதல் 30 ஓம் வரை காட்ட வேண்டும். காட்டினால் சுருள் சரியாக உள்ளது; எதுவும் காட்டாவிட்டால் இன்னும் தேய்க்க வேண்டும், அல்லது கம்பி இடையில் அறுந்திருக்கிறது.

இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை ஒன்றின் நீண்ட கால் மற்றதன் குட்டைக் காலோடு சேருமாறு எதிரெதிராக இணைத்து, அந்த இணைப்பைச் சுருளின் இரு முனைகளில் பொருத்தவும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் வட்டுக் காந்தங்கள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டு, 20 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஓர் உருளையாக்கிக்கொள்ளவும். இந்த நீளம் இருந்தால் அது பைப்புக்குள் குப்புறப் புரளாது. பைப்பைச் செங்குத்தாகப் பிடித்து, கீழே ஒரு துணியை மடித்து வைத்து, மேலிருந்து காந்தத்தை விடவும். அறை சற்று இருட்டாக இருக்கட்டும். காந்தம் சுருளைக் கடக்கும் கணத்தில் இரண்டு விளக்குகளும் மின்னும். கூர்ந்து பார்த்தால், அல்லது கைப்பேசியில் வேகம் குறைத்துப் படம்பிடித்துப் பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக மின்னுவது தெரியும். காந்தம் உள்ளே நுழையும்போது பாயம் கூடுகிறது, ஒரு விளக்கு எரிகிறது. வெளியேறும்போது பாயம் குறைகிறது, திசை மாறி மற்றது எரிகிறது. மாறுதிசை மின்னோட்டத்தின் ஒரே ஒரு சுழற்சியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். இத்தகைய காந்தத்தின் முகத்தில் சராசரியாக அரை டெஸ்லா புலம் இருப்பதாகக் கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அதன் பரப்பின் வழியே செல்லும் பாயம் சுமார் 0.00005 வெபர். 800 சுற்றுகளோடு அதைப் பெருக்கினால் 0.04. காந்தம் 30 சென்டிமீட்டர் மட்டுமே விழுந்ததாகக் கொண்டாலும் அதன் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர், சுருளுக்குள் நுழைய ஏறத்தாழ 10 மில்லி வினாடி ஆகும். 0.04-ஐ 0.01-ஆல் வகுத்தால் 4 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. எரிய 2 வோல்ட் போதும். இது தோராயக் கணக்குதான் என்றாலும், 100 சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டவரின் விளக்கு ஏன் எரியவில்லை என்பதை இது சொல்லிவிடுகிறது. அதே காந்தத்தைக் கையில் பிடித்து மெல்ல உள்ளே விட்டால் ஒன்றும் எரியாது. உள்ளேயே அசையாமல் வைத்திருந்தால் எவ்வளவு வலிமையான காந்தமானாலும் மின்னழுத்தம் சுழிதான்.

இதை மீட்டரில் பார்க்க விரும்புவோர் முள் உள்ள மீட்டரையோ, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் நடுவில் சுழி கொண்ட கால்வனாமீட்டரையோ பயன்படுத்த வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே அளந்து காட்டுவதால், 10 மில்லி வினாடியில் வந்துபோகும் துடிப்பு அதன் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாம் செய்முறை: கைக்குத் தெரியும் எதிர்ப்பு

மேலே எரிந்த விளக்குக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? விழுந்த காந்தத்தின் இயக்கத்திலிருந்து வந்தது. தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்று 1834-இல் லென்ஸ் கூறிய விதியின் பொருள் இதுதான். அந்தச் சிறு சுருளில் இந்த எதிர்ப்பு கைக்குத் தெரியாத அளவு சிறியது. தெரிய வேண்டுமானால், விளையாட்டுப் பொருள்களில் வரும் நிலைக்காந்த டி.சி. மோட்டார் ஒன்றை எடுத்து, அதன் தண்டில் ஒரு சிறிய சக்கரத்தையோ பல்லாழியையோ மாட்டி விரலால் சுண்டிவிடவும். முனைகள் திறந்திருக்கும்போது அது சுழன்று ஓய்வதற்குச் சற்று நேரம் எடுக்கும். பிறகு இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மீண்டும் சுண்டவும்; உடனே நின்றுவிடும். உள்ளே எதுவும் இறுக்கப்படவில்லை, உராய்வும் கூடவில்லை. மின்னோட்டம் பாய ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

திருமண மண்டபத்தில் மின்தடையின்போது டீசல் ஜெனரேட்டரின் அருகே நின்றவர்கள் இதைப் பெரிய அளவில் கேட்டிருப்பார்கள். மண்டபத்து ஏ.சி.கள் ஒன்றாக இயங்கத் தொடங்கும் கணத்தில் என்ஜினின் ஒலி ஒரு கணம் அமுங்கி, பிறகு கனத்து எழும். மின்னோட்டம் கூடியதும் ஜெனரேட்டரின் சுழலும் பாகமான சுழலியின்மீது எதிர்முறுக்கம் (சுழற்சியைத் தடுக்கும் முறுக்கு விசை) கூடுகிறது, வேகம் சற்று இறங்குகிறது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் அதை உணர்ந்து கூடுதல் டீசலைச் செலுத்துகிறது. ஜெனரேட்டர் மின்சாரத்தை எங்கோ சேமித்து வைத்து எடுத்துத் தருவதில்லை. கேட்கும் அளவுக்கு அந்தக் கணத்திலேயே என்ஜினைப் பிழிகிறது. முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி இது. மீதிப் பாதி டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கிறது.

மூன்றாம் செய்முறை: டைனமோவைத் திறந்து பார்த்தல்

டயரின் பக்கவாட்டில் உரசி ஓடும் சைக்கிள் டைனமோ ஒன்று, 6 வோல்ட் 3 வாட் என்று எழுதப்பட்டது, இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றை முழுதாகப் பிரித்துவிடலாம். உள்ளே நடுத்தண்டில் பூட்டிய உருளைக் காந்தம் ஒன்றும், அதைச் சுற்றி விரல்களைப் போல மேலிருந்தும் கீழிருந்தும் நீளும் இரும்புத் தகடுகளும், அவற்றுக்கிடையே அசையாமல் பொருத்தப்பட்ட ஒற்றைச் சுருளும் இருக்கும். காந்தத்தின் சுற்றளவில் வட துருவமும் தென் துருவமும் மாறி மாறி, பொதுவாக எட்டுத் துருவங்கள் அமைந்திருக்கும். காந்தம் சுழலும்போது ஒவ்வொரு இரும்பு விரலின் எதிரேயும் வடக்கும் தெற்கும் மாறி மாறி வருவதால், சுருளின் வழியே செல்லும் பாயம் ஒரு திசையில் உச்சத்தைத் தொட்டு, சுழியாகி, மறு திசையில் உச்சத்தைத் தொடுகிறது.

பாடநூல் படத்தில் காந்தம் நிலையாக இருக்கும், சுருள் சுழலும், நழுவு வளையங்கள் வழியே மின்னோட்டம் வெளிவரும். கொள்கையை விளக்க அந்தப் படம் வசதியானது. ஆனால் மாணவர்கள் அதையே இயந்திரத்தின் உண்மை வடிவம் என்று எண்ணிக்கொள்வதால் தீங்கும் உண்டு. மின்நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்கள் அமைப்பில் இந்தச் சைக்கிள் டைனமோவைப் போன்றவை: காந்தமே சுழலி, சுருள்களே அசையாத பாகமான நிலையி. ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுழலும் வளையத்திலிருந்து தூரிகை வழியே எடுப்பதைவிட, அசையாத சுருளிலிருந்து நேரடியாக எடுப்பது எளிது. சுழலியில் காந்தத்தை உண்டாக்க வேண்டிய சிறிய நேர்திசை மின்னோட்டத்தை மட்டும் உள்ளே அனுப்பினால் போதும்.

துருவ எண்ணிக்கையும் வேகமும் சேர்ந்தே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. வினாடிக்கு எத்தனை சுழற்சி என்பதைத் துருவ இணைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் இரு துருவ சுழலி நிமிடத்துக்கு 3000 முறை சுழல வேண்டும். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அலகுகள் இந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. மண்டபத்து டீசல் ஜெனரேட்டர் நான்கு துருவங்களுடன் 1500-இல் ஓடும். நீர்வீழ்ச்சியின் உயரத்துக்கேற்ப மெல்லச் சுழலும் நீர்மின் இயந்திரம் 300-இல்தான் சுழலும் என்றால் அதற்கு 20 துருவங்கள் வைப்பார்கள். நம் சைக்கிளோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள டைனமோ உருளை வினாடிக்கு 63 முறை சுழலும். நான்கு துருவ இணைகளுக்கு அது ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரத்தைப் போல ஐந்து மடங்கு. இந்த எண் அடுத்த செய்முறைக்குத் தேவைப்படும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேகம் இரட்டிப்பானால் தூண்டப்படும் மின்னழுத்தமும் இரட்டிப்பாகிறது. ஆனால் அதிர்வெண்ணும் இரட்டிப்பாவதால் சுருளின் மின்தூண்டல் எதிர்ப்பும் (மாறும் மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் தடையும்) அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே ஓரளவுக்கு மேல் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் டைனமோ தரும் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நிற்கும். முன்விளக்கு பியூஸ் போன சைக்கிளில் பின்விளக்கும் சிறிது தூரத்திலேயே போய்விடுவதன் காரணம் இதுதான்: இரண்டும் பகிர்ந்துகொண்ட மின்னோட்டம் முழுவதும் சிறிய பல்பின் வழியே பாய்ந்துவிடுகிறது. விளக்கே இல்லாமல் திறந்த முனைகளில் அளந்தால் 6 வோல்ட்டைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் வரும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

நான்காம் செய்முறை: டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுதல்

மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தூண்டலை முதன்முதலில் கண்டது காந்தத்தை அசைத்து அல்ல. ஓர் இரும்பு வளையத்தின் இரு பாதிகளிலும் தனித்தனியே சுருள் சுற்றி, ஒன்றில் மின்கல அடுக்கை இணைத்தபோது மற்றதன் அருகிலிருந்த காந்த ஊசி ஒரு முறை துடித்து அடங்கியது. இணைப்பைப் பிரித்தபோது மறுபடி, எதிர்த்திசையில் துடித்தது. இடையில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் ஊசி அசையவில்லை. சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்திப் பார்த்தது அதே ஆண்டு அக்டோபரில்தான். செம்புத் தட்டு ஒன்றைக் காந்தத்தின் துருவங்களுக்கிடையே சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டம் எடுத்ததும் அதே மாதத்தில். அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் கரு ஜெனரேட்டருக்குச் சில வாரங்கள் மூத்தது.

கருகிப்போன பழைய எலிமினேட்டர் (வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டாக்கித் தரும் பெட்டி) ஒன்றிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, அதன் தகடுகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பிப் பிரிக்கவும். வார்னிஷ் ஒட்டியிருந்தால் முதல் இரண்டு மூன்று தகடுகள் வளைந்துபோகலாம், அவற்றை விட்டுவிடலாம். நடுக்காலின் குறுக்குப் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நம் வேலைக்குப் பொருத்தம். பழைய கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, காலி பாபினில் (கம்பி சுற்றும் கூட்டில்) முதலில் 26 கேஜ் கம்பியால் 100 சுற்றுகள் சுற்றவும். இது முதன்மைச் சுருள். அதன்மேல் காகிதமோ டேப்போ ஒரு சுற்று விட்டு, 30 கேஜ் கம்பியால் 200 சுற்றுகள் சுற்றவும். 50-ஆவது சுற்றில் கம்பியை அறுக்காமல் ஒரு வளையமாக வெளியே இழுத்து முறுக்கி, இடைமுனையாக விட்டுவிடவும். இது துணைச் சுருள். பிறகு தகடுகளை ஒன்று இடப்பக்கமிருந்து, அடுத்தது வலப்பக்கமிருந்து என மாற்றி மாற்றிச் செருகி இறுக்கவும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் செருகினால் சேரும் இடங்களில் காற்றிடைவெளி விழுந்து, பாயத்தை உண்டாக்கவே அதிக மின்னோட்டம் செலவாகும்.

முதல் சோதனை ஃபாரடே செய்ததேதான். துணைச் சுருளின் 200 சுற்று முனைகளில் முன்பு போல எதிரெதிரான இரு எல்.இ.டி.களை இணைத்து, முதன்மைச் சுருளில் 1.5 வோல்ட் செல் ஒன்றைத் தொட்டுத் தொட்டு எடுக்கவும். தொடும்போது ஒன்றும் எடுக்கும்போது மற்றதும் மின்னும். எடுக்கும்போது வரும் வெளிச்சம் கூடுதலாக இருக்கும், ஏனெனில் அப்போது பாயம் சட்டென்று சரிகிறது. எல்.இ.டி. இல்லாமல் இதைச் செய்வதானால் வெற்று முனைகளை விரலால் பிடிக்க வேண்டாம், 1.5 வோல்ட் செல்லே ஓர் அதிர்ச்சியைத் தரும். பெட்ரோல் என்ஜினின் இக்னிஷன் காயில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் எடுப்பது இப்படி மின்னோட்டத்தைத் துண்டித்துத்தான்.

இனி செல்லுக்குப் பதில் டைனமோ. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தோடு பொருந்துமாறு டைனமோவைக் கட்டி, ஒருவர் பெடலைக் கையால் சீராகச் சுற்ற வேண்டும். டைனமோவின் முனையையும் உடலையும் முதன்மைச் சுருளோடு இணைத்து, அதற்கு இணையாக 6 வோல்ட் பல்பு ஒன்றையும் இணைக்கவும். பல்பு இருப்பதால் மின்னழுத்தம் 6 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மல்டிமீட்டரை மாறுதிசை (ஏ.சி.) வோல்ட்டில் வைத்து அளந்தால் 200 சுற்றுகளின் குறுக்கே சுமார் 12 வோல்ட்டும், 50 சுற்றுகளின் குறுக்கே சுமார் 3 வோல்ட்டும் வரும். இரு சுருள்களின் வழியேயும் செல்வது ஒரே பாயம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தூண்டப்படும் மின்னழுத்தமும் ஒன்றே. சுற்றுகளின் விகிதமே மின்னழுத்தங்களின் விகிதம் என்ற விதிக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. அளவு சற்றுக் குறைந்து காட்டுவது கசியும் பாயத்தால்.

இப்போது முதன்மையான சோதனை. இணையாக இருந்த பல்பை எடுத்து, டைனமோவுக்கும் முதன்மைச் சுருளுக்கும் இடையே தொடராக இணைக்கவும். 200-ஆவது சுற்றின் முனையை டேப்பால் மூடிவிட்டு, 50 சுற்றுகளின் முனைகளைத் திறந்து வைக்கவும். பெடலை மெதுவாகச் சுற்றினால் பல்பு எரியாது; முதன்மைச் சுற்று முழுமையாக இருந்தும், செம்பின் மின்தடை ஓரிரு ஓம்தான் என்றாலும், எரியாது. அடுத்து, சுற்றிக்கொண்டிருக்கும்போதே 50 சுற்றுகளின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவும். பல்பு பளிச்சென்று எரியும், பெடல் கனக்கும். பல்போடு அந்த முனைகளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இடையே இருப்பது இரும்பும் காகிதமும் மட்டுமே.

நடந்தது இதுதான். துணைச் சுருள் திறந்திருந்தபோது முதன்மைச் சுருளில் பாய்ந்த சிறு மின்னோட்டம் பாயத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அந்த மாறும் பாயம் முதன்மைச் சுருளிலேயே ஓர் எதிர் மின்னியக்கு விசையைத் தூண்டி, டைனமோவின் மின்னழுத்தத்தைத் தடுத்து நின்றது. துணைச் சுருள் மூடப்பட்டதும் அதில் மின்னோட்டம் பாய்ந்தது. லென்ஸ் விதிப்படி அது தன்னைத் தோற்றுவித்த பாய மாற்றத்தை எதிர்த்தது. பாயம் தளர, முதன்மைச் சுருளின் எதிர் மின்னியக்கு விசையும் தளர்ந்தது. தடை நீங்கியதால் டைனமோ கூடுதல் மின்னோட்டத்தை உள்ளே தள்ளியது. அந்தக் கூடுதல் மின்னோட்டம் டைனமோவின் சுழலியை எதிர்த்தது. அதைப் பெடல் பிடித்த கை உணர்ந்தது. வீட்டு ஏ.சி.யின் செய்தி மின்நிலையத்துக்குப் போகும் வழி முழுவதும் இந்த மேசையிலேயே அடங்கியிருக்கிறது. தெரு டிரான்ஸ்ஃபார்மர், துணைமின் நிலையம், மின்நிலைய டிரான்ஸ்ஃபார்மர் என்று படிக்குப் படி இதே தளர்வும் ஈடுகட்டலும் நடந்து, இறுதியில் ஜெனரேட்டர் தண்டின்மீது ஒரு துளி எதிர்முறுக்கமாகப் போய்ச் சேர்கிறது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடத்தின் மூலம் 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்திசைந்து இணைந்த பின், காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை அத்தொகுப்பிலுள்ள ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் சுழல்கின்றன. சுமை கூடினால் அந்த அதிர்வெண் ஒரு மயிரிழை இறங்குகிறது, கவர்னர்கள் நீராவியையோ நீரையோ கூட்டுகின்றன.

ஏன் வீட்டு மின்சாரத்தில் இணைக்கக் கூடாது

நீங்கள் சுற்றிய 100 சுற்றுச் சுருளை 230 வோல்ட்டில் இணைத்தால் என்ன ஆகும் என்பதைச் செய்து பார்க்காமல் கணக்கிட்டே அறியலாம். மாறுதிசை மின்னோட்டத்துக்கு, மின்னழுத்தம் என்பது 4.44, அதிர்வெண், சுற்றுகள், பாய அடர்த்தியின் உச்சம், உள்ளகத்தின் (சுருளுக்குள் இருக்கும் இரும்பின்) குறுக்குப் பரப்பு ஆகியவற்றின் பெருக்கல். பரப்பு 0.0004 சதுர மீட்டர், அதிர்வெண் 50 என்று போட்டால் தேவைப்படும் பாய அடர்த்தி 26 டெஸ்லா. டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு 2 டெஸ்லாவை எட்டும் முன்பே, மேலும் காந்தமேற முடியாமல், பூரிதமாகிவிடும். அதற்குமேல் எதிர் மின்னியக்கு விசை வளராது. தடுக்க ஆளில்லாத மின்னோட்டம் செம்பின் சிறு மின்தடையை மட்டுமே சந்தித்துப் பாயும். பியூஸ் போகும், அல்லது சுருள் தீப்பிடிக்கும். நேர்திசை மின்னோட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மரை நெடுநேரம் இணைத்தால் கருகுவதும் இதே காரணத்தால்தான்.

பாய அடர்த்தியை 1 டெஸ்லா என்று பாதுகாப்பாக வைத்துக்கொண்டு அதே சமன்பாட்டைத் திருப்பினால், 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு வோல்ட்டுக்கான சுற்றுகள் 45-ஐச் சதுர சென்டிமீட்டர் பரப்பால் வகுத்த எண் என்று வரும். 4 சதுர சென்டிமீட்டர் உள்ளகத்துக்கு அது 11.25, 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2600 சுற்றுகள். நீங்கள் பிரித்தெறிந்த பழைய முதன்மைச் சுருளில் மயிர் போன்ற கம்பி அவ்வளவு சுற்றுகள் இருந்தது வீணாக அல்ல. நம் டைனமோ 250 ஹெர்ட்ஸில் வெறும் 6 வோல்ட் தருவதால் 100 சுற்றுகளே தாராளம். அப்போது இரும்பில் 0.14 டெஸ்லாவைக்கூடத் தாண்டுவதில்லை.

உள்ளகம் ஏன் ஒரே இரும்புக் கட்டியாக இல்லாமல் தகடுகளாக இருக்கிறது என்ற கேள்வியும் இங்கே எழ வேண்டும். இரும்பும் ஒரு கடத்திதான். மாறும் பாயம் அதற்குள்ளும் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டிச் சூடாக்குகிறது. ஒன்றுக்கொன்று காப்பிடப்பட்ட தகடுகளாகப் பிரித்தால் அந்தச் சுழல்களின் வழி குறுகுகிறது. தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் இந்த இழப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. தகடுகளைப் பிரிக்கும்போது மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் கெட்ட வேலை.

தெரு டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் படித்தல்

இந்தப் புரிதலோடு, வேலிக்கு வெளியே நின்றபடி, தெருவிலுள்ள 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். 11000 வோல்ட், 433 வோல்ட் என்று இருக்கும். முழுச் சுமையில் மேல்பக்கம் ஒரு கம்பியில் 5.25 ஆம்பியர், கீழ்ப்பக்கம் 133 ஆம்பியர். 433 என்பது இரு ஃபேஸ்களுக்கு இடையே உள்ளது; ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட். சுமை ஏறும்போது சுருள்களிலும் தெருக்கம்பியிலும் இழந்ததுபோக வீட்டுக்கு 230-ஐ ஒட்டி வந்துசேரும் என்பதற்காகவே இந்தக் கூடுதல் இருப்பு. அதிலிருந்து வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் அல்ல, 100: காந்தமேற்றப்படும் இரும்பு, வடக்கானாலும் தெற்கானாலும், ஒரு சுழற்சியில் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குகிறது.

மின்னழுத்தத்தை ஏன் முதலில் ஏற்றிப் பிறகு இறக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு போதும். 100 மெகாவாட்டை மும்முனை மின்சாரமாக 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 5250 ஆம்பியர். 230 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 251 ஆம்பியர். கம்பியில் வெப்பமாகப் போவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் இழப்பு 430-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

எதிர்பார்த்தது வராவிட்டால்

துணைச் சுருளின் மின்னழுத்தம் விகிதத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் முதலில் தகடுகளின் இறுக்கத்தைப் பார்க்கவும். கையால் அழுத்தியதும் அளவு ஏறினால் குறை அங்கேதான். தொடர்ப் பல்பு, துணைச் சுருள் திறந்திருக்கும்போதே எரிந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பெடல் மிக வேகமாகச் சுழல்வதால் டைனமோவின் மின்னழுத்தம் கூடியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு சுருளில் எனாமல் உரிந்து இரு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். வேகத்தைக் குறைத்தும் பல்பு அணையாவிட்டால் இரண்டாவதே காரணம். தொட்டுக்கொண்ட ஒரே ஒரு சுற்றுகூட, முனைகள் மூடப்பட்ட துணைச் சுருளாகவே செயல்படும். டிரான்ஸ்ஃபார்மர் எந்தச் சுமையும் இல்லாமலே சூடாவதைத் தொட்டுப் பார்த்து இதை உறுதிசெய்யலாம். அதற்குப் பரிகாரம் இல்லை; தகடுகளைக் கழற்றி, இந்த முறை அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, மறுபடியும் சுற்றத்தான் வேண்டும்.